ஆறரை மணிக்குள் கின்லாக்பெர்வி

ஜூன் மாதத்து வியாழக்கிழமை, நண்பகல் பன்னிரண்டரை. வடக்கு ஸ்காட்லாந்தின் வாசல் என்று சொல்லத்தக்க இன்வர்னஸ் நகரத்தில், வாடகைக் கார் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு என் கணவர் சேவியர் சட்டைப்பையைத் தடவினார். பிறகு பேன்ட் பையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வையை நான் அதிகம் கண்டதில்லை.

"லைசென்ஸ் போன்ல இருக்கு ஸ்டெல்லா. அட்டை முசஃபாவுல அலமாரிக்குள்ள கெடக்கு."

நாங்கள் இருப்பது அபுதாபியின் முசஃபாவில். அங்கே இப்போது எல்லாமே போனுக்குள் போய்விட்டது. அடையாள அட்டை, வண்டிக் காகிதம், லைசென்ஸ் எல்லாம் அதிலேயே காட்டலாம், போலீஸ்காரரும் தலையாட்டிவிட்டுப் போவார். ஆனால் கவுண்டரில் இருந்த பெண் போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அட்டை வேண்டும் என்றாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஜெபல் அலி துறைமுகத்திலிருந்து ஓமானின் சோஹார் வரைக்கும் நாற்பது அடி டிரெய்லரை வாரம் மூன்று முறை ஓட்டிப்போகும் யானை அன்றைக்குக் குப்புறவே விழுந்துவிட்டது.

என் அட்டை என் பர்சில் இருந்தது, வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில். ஆறு தடவை ஃபெயிலாகி ஏழாவது தடவை லைசென்ஸ் வாங்கியவள் நான். ஆறு தடவையும் ரிவர்ஸில்தான் போனது. இரண்டு தடவை கோனை இடித்தேன், ஒரு தடவை பரிசோதகரின் காபியைக் கொட்டினேன், மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை. அப்படி வாங்கிய அட்டையை யாராவது அலமாரியில் வைத்துவிட்டு வருவார்களா? நான் அதைக் கவுண்டரில் வைத்தேன். ஒரு நாளைக்கு ஐம்பத்தாறு பவுண்டு, ஆட்டோமேட்டிக் கியர், வெள்ளை நிறச் சின்னக் கார். சாவி என் கையில் விழுந்தது.

ஸ்காட்லாந்துக்கு ஏன் வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். மலை பார்க்க வரவில்லை. என் தம்பி ரூபன் அங்கே மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். எங்களுக்குக் குமரி மாவட்டத்துக் கடற்கரை. அவன் கடலுக்குப் போனான், நான் நர்சிங் படித்துவிட்டு முசஃபாவில் ஒரு கிளினிக்குக்கு வந்தேன். வெல்டிங் பொறி பட்ட கண்ணும், நசுங்கிய விரலும்தான் எனக்கு அன்றாடம். அவனுக்கு லீவு கிறிஸ்துமஸில் வரும், எனக்குக் கோடையில் வரும். நாலு வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவில்லை. நடுவில் அம்மாவின் அடக்கமும் நடந்தது. அம்மாவுக்கு நினைவு இருக்கும்போதே நான் விமானம் பிடித்துப் போய்விட்டேன், அவன் நடுக்கடலில் இருந்தான். அம்மாவைப் பற்றி நாங்கள் பேசியது எல்லாம் போனில்தான்.

அவன் படகு அன்று மாலை நாலு மணிக்குக் கின்லாக்பெர்வி என்ற துறைமுகத்துக்கு வரும். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், அதற்கு மேலே பெரிய ஊர் என்று எதுவும் இல்லாத இடம். மீனை இறக்கி, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு ஆறரைக்குத் திரும்பவும் கடலுக்குப் போய்விடும். அடுத்து எப்போது, எந்தத் துறைமுகம் என்று அவனுக்கே தெரியாது. எங்கள் ரிட்டர்ன் டிக்கெட் செவ்வாய்க்கிழமை. இந்த ஒரு மாலையைத் தவறவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ. அவன் கேட்டது ஒன்றே ஒன்று, மீன் குழம்பு மசாலா. நான் நெத்திலிக் கருவாடும் கட்டப் பார்த்தேன். "கொல்லத் தெருவுல ஊசி விக்கப் போறியா?" என்று சேவியர் தடுத்துவிட்டார்.

கவுண்டர் பெண் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டி, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மொத்தத் தூரம் தொண்ணூற்று நாலு மைல், அதாவது நூற்றைம்பது கிலோமீட்டர்.

வெளியே வந்ததும் சேவியர் சிரித்தார். "அபுதாபில இருந்து துபாய் தூரம்தானே. ஒண்ணரை மணி நேரம். இவங்களுக்கு ஓட்டத் தெரியல கேட்டியா."

நான் நம்பினேன். வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தூரம் என்றால் ஆறு வழிச்சாலை, நூற்று நாற்பது வேகம். அந்தக் கணக்கில் நெஸ் நதிக்கரையில் உட்கார்ந்து ஆற அமர மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம், ஆளுக்குப் பதினோரு பவுண்டு. கடற்பறவை ஒன்று சேவியரின் கையிலிருந்தே ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. அதை வேறு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம்.

மூன்றேகாலுக்கு வண்டியை எடுத்தேன்.

முதல் ஒரு மணி நேரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது, சாலையில் இடப்பக்கம் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் சேவியர், "இடது, இடது, இடது" என்று ஜெபமாலை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். கடல் உள்ளே புகுந்த இடங்களைப் பாலங்களில் தாண்டினோம். இரண்டு பக்கமும் மஞ்சள் பூத்த புதர்கள். லெய்ர்க் என்ற சின்ன ஊருக்கு வரும்போது மணி நாலு நாற்பது. அங்கே பெட்ரோல் போட்டேன். போனில் சிக்னல் ஒரு கோடு இருந்தது. "வந்துட்டே இருக்கோம்" என்று ரூபனுக்குச் செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்குள் அந்த ஒரு கோடும் போய்விட்டது.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையின் நடுக்கோடு மறைந்தது. பிறகு சாலையிலேயே பாதி மறைந்தது. ஒரே ஒரு வண்டி போகும் அகலம். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் சதுப்பு. அங்கங்கே சாலை ஓரத்தில் வயிறு பெருத்தாற்போல ஒரு சின்ன இடம், பக்கத்தில் வெள்ளைப் பலகை. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் அதில் ஒதுங்கி நிற்க வேண்டும். இப்படியே இன்னும் முப்பத்தேழு மைல் என்று வரைபடம் சொன்னது.

"இது ரோடா, இல்ல ஆள் வீட்டுக்குப் போற வழியா?" என்றார் சேவியர். சாலை நடுவில் ஓர் ஆடு படுத்திருந்தது. சோஹார் சாலையில் ஒட்டகத்துக்கு ஹார்ன் அடித்தால் அது நம்மை ஏளனமாகப் பார்த்துவிட்டாவது எழுந்து போகும். இந்த ஆடு பார்க்கவே இல்லை. சேவியர் இறங்கிப் போய்க் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுந்தது.

அப்போதுதான் எதிரே முதல் வண்டி வந்தது. தூரத்தில், ஓர் ஒதுங்குமிடத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து இரண்டு தடவை லைட் அடித்தது.

எங்கள் ஊரில் எதிரே வரும் லாரி லைட் அடித்தால், நான் வருகிறேன், நீ நில் என்று அர்த்தம். அபுதாபியில் பின்னால் லேண்ட் குரூசர் லைட் அடித்தால், ஒதுங்கு, இல்லையென்றால் உன் டிக்கியில் ஏறிவிடுவேன் என்று அர்த்தம். லைட் அடிப்பவன் பெரியவன், ஒதுங்குபவன் சின்னவன். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

"அவன் வாறான். பின்னால எடு" என்றார் சேவியர்.

ரிவர்ஸ்! ஆறு தடவை என்னை வீழ்த்திய அந்த ரிவர்ஸ்! பக்கத்தில் ஏரி, பின்னால் வளைவு. நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, பைய பைய பின்னால் போனேன். வளைவு தாண்டி ஒதுங்குமிடத்தில் சரியாகச் சொருகி நிறுத்தினேன். எதிர் வண்டி கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு வந்தது. கடந்து போகும்போது ஓட்டியவர் ஒரு மாதிரியாகப் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

சேவியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டெல்லா, இது நீதானா?"

பெருமையை அனுபவிக்க நேரம் இல்லை. அடுத்த மைலில் இன்னொரு வண்டி, இன்னொரு லைட். மறுபடியும் ரிவர்ஸ். அதற்கு அடுத்து ஒரு கேரவன். அதுவும் நின்று லைட் அடித்தது. என்ன மரியாதை கெட்ட ஊர் இது, வருகிறவன் எல்லாம் இப்படி மிரட்டுகிறானே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் முன்னால் போனதைவிடப் பின்னால் போனதுதான் அதிகம் என்று தோன்றியது. மணி ஐந்தரை. அந்த ஒற்றைச் சாலையில் பாதிகூடத் தாண்டவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"இப்பிடியே போனா துபாய்க்கே ரிவர்ஸ்ல போயிருவோம்" என்றேன். ஒன்றரை மணி நேரம் என்று சொன்னவர் வரைபடத்தில் விரலை வைத்து மிச்ச மைல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலாவதாக வந்தது சேறு படிந்த ஒரு பச்சை ஜீப். அதுவும் நின்றது, லைட் அடித்தது. நான் ரிவர்ஸ் எடுத்தேன். அது எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்து, நான் ஒதுங்கியதும் பக்கத்தில் நின்று கண்ணாடியை இறக்கியது. அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி. மடியில் ஒரு நாய், தானும் ஓட்டுவதுபோல் ஸ்டியரிங்கில் கால் வைத்திருந்தது. அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி இது:

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? ஏன் பின்னாடியே போறீங்க?"

"நீங்கதானே லைட் அடிச்சீங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, "அடக் கடவுளே, அது உங்களை வரச் சொல்லி! நான் நிக்கிறேன், நீங்க வாங்கன்னு" என்றார்.

நானும் சேவியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் திட்டிக்கொண்டு வந்த மூன்று பேரும் எனக்காக ஓரமாய் நின்று, வா தாயே, முதலில் நீ போ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அவர்களைக் கண்டு பயந்து ஓடியிருக்கிறேன். வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கூடவே அழுகையும் வந்தது, அடக்கவில்லை. அபுதாபி, தம்பி, நாலு வருடம், ஆறரை மணி எல்லாவற்றையும் அவரிடம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் பெயர் மோரக். கடிகாரத்தைப் பார்த்தார். படகின் பெயரைக் கேட்டார். நான் சொன்னதும், "அந்தக் கேப்டன் சின்ன வயசுல நான் ஓட்டின பள்ளிக்கூட பஸ்ல வந்தவன்தான். என் வீடு இங்கே ரெண்டு மைல். வீட்டுப் போன்ல துறைமுகத்துக்குச் சொல்றேன். நீங்க போங்க. முன்னாடி பார்த்துப் போங்க!" என்றார்.

அப்புறம் நான் ஓட்டியதை நானே மெச்சிக்கொள்ள வேண்டும். லைட் அடித்தால் போனேன். எனக்குப் பக்கத்தில் ஒதுங்குமிடம் இருந்தால் நானே நின்று லைட் அடித்தேன். நன்றிக்கும் வணக்கத்துக்கும் அவர்கள் செய்வதுபோலப் போகிறவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கினேன். அவர்களும் தூக்கினார்கள். லாக் மோர் ஏரி, லாக் ஸ்டாக் ஏரி, அதன் மேல் கூம்பாக ஒரு மலை, லாக்ஸ்ஃபோர்டு பாலம். மழை வந்தது, நின்றது, திரும்பவும் வந்தது. உலகம் உண்டான முதல் நாள்போலச் சுற்றிலும் வெறும் பாறை. ரசிக்க நேரமில்லாமலே ரசித்தேன். ரிகோனிக் என்ற இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் கடைசி நாலு மைல். அங்கே மணி ஆறு முப்பத்தைந்து.

"நேரம் தாண்டிட்டு" என்றார் சேவியர் மெதுவாக.

"சும்ம இரிங்க."

கடைசி ஏற்றத்தில் ஏறி இறங்கும்போது கீழே துறைமுகம் தெரிந்தது. நாலைந்து வெள்ளை வீடுகள், பெரிய கொட்டகைபோல ஒரு மீன் மார்க்கெட், இரண்டு கடல் கைகளுக்கு நடுவே கான்கிரீட் துறை. ஒரே ஒரு நீலப் படகு. அதன் புகைபோக்கியில் புகை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல்தளத்து விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து அணைந்தன. எரிந்து அணைந்தன.

சேவியர் டாஷ்போர்டைத் தட்டினார். "போச்சு! கெளம்புறான் பாரு, லைட் அடிக்கான்!"

"இல்லங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வான்னு சொல்லுகான்."

நானும் இரண்டு தடவை லைட் அடித்தேன்.

துறையில் வண்டியை நிறுத்தி நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் ஆரஞ்சு நிற ரப்பர் கால்சட்டையோடு ஒருவன் ஏணியில் ஏறி ஓடிவந்தான். தாடி வைத்திருந்தான். என்னைவிட உயரமாகத்தான் எப்போதும் இருந்தான், ஆனாலும் இன்னும் வளர்ந்துவிட்டதுபோல் இருந்தது.

"எக்கா!"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு தூரம். மீன் செதிலும் டீசலும் நாறிய அவன் மார்பில் முகத்தை வைத்து அழுதேன். அவனும் அழுதான். "அம்மா கடைசில என்ன சொல்லிச்சிக்கா?" என்று கேட்டான். போனில் பத்துத் தடவை சொன்னதுதான். பதினோராவது தடவை அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ரூபனுக்குக் குளிரும், கம்பளி குடுத்து விடுன்னு சொல்லிச்சிடே." அவன் அழுகை நின்று சிரிப்பு வந்தது. அவன் தலையில் அப்போது இரண்டு கம்பளித் தொப்பிகள் இருந்தன.

கேப்டன் ஒல்லியான மனிதர், ஒரு கையில் பிஸ்கட்டோடு வந்தார். மோரக் அம்மா போன் செய்தாராம், வெள்ளைக் கார் வரும்வரை படகு அசைந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றாராம். "அரை மணி நேரம். அதுக்கு மேல முடியாது" என்றார்.

"அரை மணி நேரம் போதும்" என்றேன். "மீன் எங்கே?"

ரூபன் ஏற்கெனவே ஒரு பெரிய மங்க்ஃபிஷ் வாலை ஒதுக்கி வைத்திருந்தான். பார்க்கப் பேய்போல இருக்கும், முள்ளே இருக்காது. படகின் சமையலறை எங்கள் முசஃபா ரூமின் பாத்ரூமைவிடச் சின்னது. நான் புளி கரைத்தேன், ரூபன் வெங்காயம் நறுக்கினான், சேவியர் வெளியே நின்று யோசனை சொன்னார். மசாலா கொதித்ததும் பிலிப்பைன்ஸ்காரர் இருவர் மேலிருந்து இறங்கிவந்தார்கள். பிறகு கானா நாட்டுக்காரர். கடைசியில் கேப்டன். சோறு ஏற்கெனவே இருந்தது. எல்லாரும் சுடச்சுடச் சாப்பிட்டோம். கேப்டனின் முகம் சிவந்து நெற்றியெல்லாம் வேர்வை, ஆனால் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் என்றார். அரை மணி நேரம் ஒரு மணி நேரமாயிற்று. கடிகாரத்தைப் பார்த்தவர் அவர் இல்லை, நான்தான்.

எட்டு மணி இருக்கும். அந்த ஊரில் ஜூன் மாதத்தில் எட்டு மணிக்கும் வெயில். படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பின்வாங்கியது. ரூபன் பின்தளத்தில் நின்று கையசைத்தான். நான் காரைப் படகின் பக்கம் திருப்பி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்திருந்தேன். அப்போது சேவியர் பக்கத்து இருக்கையிலிருந்து என்மேல் குனிந்து, ஸ்டியரிங் பக்கத்து லீவரைப் பிடித்து இரண்டு தடவை லைட் அடித்தார்.

"போயிட்டு வா மக்கா" என்றார், கண்ணாடிக்குள்ளிருந்தே.

படகு திரும்பி, அதன் விளக்குகளும் இரண்டு தடவை எரிந்து அணைந்தன.

அன்று இரவு துறைக்கு மேலேயே ஒரு வீட்டில் தங்கினோம், காலைச் சாப்பாட்டோடு தொண்ணூறு பவுண்டு. மறுநாள் பக்கத்தில் ஓல்ட்ஷோர்மோர் கடற்கரைக்குப் போனோம். வெள்ளை மணல், நீலப் பச்சைத் தண்ணீர், போட்டோவில் பார்த்தால் அமீரகத்துக் கோர்ஃபக்கான் கடற்கரை என்பீர்கள். கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர் ஏறும். மணலில் எங்களைத் தவிர ஐந்து மாடுகள்தான் இருந்தன. அங்கிருந்து வடக்கே பத்தொன்பது மைல் டர்னஸ் வரைக்கும் ஓட்டினேன். அங்கே கடல் குடைந்த குகை ஒன்று இருக்கிறது, உள்ளே ஓர் ஆறு அருவியாக விழுகிறது. போகிற வழியெல்லாம் சேவியர் ஒரு தடவைகூட "இடது" சொல்லவில்லை. எதிரே வந்தவர்களுக்கு அவரும் தன் பக்கத்திலிருந்து ஒரு விரலைத் தூக்கிக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது மோரக் அம்மாவின் வீட்டில் நிறுத்தினோம். ரூபனுக்குக் கொடுத்ததுபோக மீதி இருந்த மசாலாப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று மூன்று முறை சொல்லியும் அவர் சிரித்தார். நாய் அதை முகர்ந்துவிட்டுத் தும்மியது.

முசஃபாவுக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை. ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவில் ஒரு குறுக்குச் சந்திலிருந்து தண்ணீர் டேங்கர் ஒன்று மெயின் ரோட்டுக்கு வரமுடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் விடவில்லை. நான் நிறுத்தி, இரண்டு தடவை லைட் அடித்தேன். டேங்கர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தது. இன்னொரு தடவை அடித்தேன். இன்னும் பின்னால் போனது. எனக்குப் பின்னால் பத்து ஹார்ன்கள்.

சேவியர் இறங்கிப் போனார். டேங்கர் டிரைவர் பாகிஸ்தானிப் பட்டாணியர், எட்டிப் பார்த்து, "மேடம் கோ க்யா ஹுவா, பாய்?" என்று மேடத்துக்கு என்ன ஆயிற்றென விசாரித்தது எனக்கே கேட்டது. சேவியர் ஏதோ விளக்கினார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், சந்தேகத்தோடு கியரைப் போட்டார், அங்குலம் அங்குலமாக வெளியே வந்தார். என்னைக் கடக்கும்போது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கை முழுவதையும் தூக்கினார். நான் ஒரு விரலைத் தூக்கினேன்.

சேவியர் திரும்பிவந்து கதவைச் சாத்தினார். "அடுத்த லீவுக்கு அட்டைய எடுத்துக்கிடுதேன்" என்றார். பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "வேண்டாம், நீயே ஓட்டு" என்றார்.